டிரோன் ஏன் இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பறக்காது? பக்தர்களுக்கு எங்க விளக்கம்

 

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. பந்தல் வேலை, தண்ணீர்ப் பந்தல், பால்குடம் பேர்ப்பதிவு எல்லாம் நல்லபடியா நடக்குது. ஆனா ஆலய வாட்சாப் குழுவுல நாலு நாளா ஒரே கேள்விதான் சுத்துது. "டிரோனை ரிப்பேர் பண்ணியாச்சே, ஏன் பறக்க விடமாட்டேங்கிறீங்க? உபயம் கொடுத்தவங்க மனசு என்ன ஆகும்?" சிலர் கொஞ்சம் காரமாவே கேட்டிருக்காங்க. கேக்கறது நியாயம்தான். அது பக்தர் காசுல வந்த பொருள். அதனால தொண்டர் குழு சார்பா நாங்க முழுசா சொல்லிடறோம். பதிவு நீளம், பொறுமையா படிங்க. எங்க மேல உள்ள தப்பும் இதுல இருக்கு.

முதல்ல நடந்தது என்னன்னு சொல்றோம்.

மாசி மகத்தன்னைக்கு சாமியைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டு போனோம். தெலுக் பாஹாங் சிங்கமுக காளியம்மன் தெப்பத் திருவிழா மாதிரி பெரிய விழா இல்ல நம்மளோடது. ஆனாலும் சாயங்காலம் பக்தர்கள் விளக்கு ஏத்தி தண்ணியில விடுற காட்சி பாக்க நல்லா இருக்கும். நடக்க முடியாத பெரியவங்க வீட்டுல இருந்தே பாக்கட்டும்னுதான் லைவ் போடுறோம். டிரோனை ஓட்டினது நம்ம தம்பி ஒருத்தர். ஐந்தாம் படிவம் படிக்கிற பையன், கை சுத்தமான பையன். பேர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்.

விளக்கு சரியா தெரியலன்னு நாங்கதான் சொன்னோம், "இன்னும் கீழ இறக்கு தம்பி, இன்னும் கீழ." அவரும் இறக்கினார். இந்த மாதிரி டிரோனுக்கு வயித்துப் பக்கம் ஒரு கண்ணு இருக்கும். தரையைப் பாத்து, அசையாம நிக்க அதுதான் உதவுது. தரையில புல்லு, கல்லு இருந்தா அதுக்குப் பிடி கிடைக்கும். தண்ணி மேல அலை ஆடிக்கிட்டே இருக்கும், வெளிச்சம் மின்னும், அந்தக் கண்ணு குழம்பிடும். தண்ணிக்கு மேல ரொம்பத் தாழப் பறக்கக் கூடாதுன்னு கூட வந்த புத்தகத்துலயே எச்சரிக்கை போட்டிருக்கு. நாங்க அதைப் படிக்கல. டிரோன் மெதுவா இறங்கி, ஒரு அலை மேல பட்டு, முழங்கால் ஆழத் தண்ணியில விழுந்துடுச்சு.

கூட்டத்துல நாங்க யாரும் கவனிக்கல. லைவ் கட் ஆனதும் "லைன் இல்ல போல"ன்னு விட்டுட்டோம். தம்பியும் அவர் கூட்டாளியும் டிரோனை எடுத்து, துண்டால துடைச்சு, ஓடுதான்னு பாக்க சுவிட்ச்சைப் போட்டிருக்காங்க. லைட் வந்திருக்கு. அப்புறம் அணைஞ்சிடுச்சு. போன் நனைஞ்சா அரிசியில போடுவாங்கன்னு எங்கயோ பாத்த ஞாபகம். ராத்திரி கோவிலுக்கு வந்து, மடப்பள்ளி ஸ்டோர்ல இருக்கிற அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. பேட்டரியைக் கழட்டல.

நாலாம் நாள் அன்னதானத்துக்கு அரிசி அள்ளப் போன மடப்பள்ளி அக்கா கையில அது தட்டுப்பட்டுச்சு. "உள்ள கால் முளைச்சு என்னமோ கிடக்குது"ன்னு கத்திக்கிட்டே வெளிய ஓடி வந்தாங்க.

இன்னைக்கு இதை சிலர் சிரிச்சுப் பேசுறாங்க. நாங்க அந்த டிரம் பக்கத்துல நின்னப்போ சிரிக்கல. அந்த ஸ்டோர்ல என்ன இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. ரெண்டு கேஸ் சிலிண்டர், எண்ணெய் டின், கற்பூரப் பெட்டி, அட்டைப் பெட்டி. நடுவுல கடல் தண்ணி புகுந்த ஒரு லித்தியம் பேட்டரி நாலு நாளா படுத்துக் கிடந்திருக்கு.

லித்தியம் பேட்டரிக்குள்ள உப்புத் தண்ணி போனா உடனே ஒண்ணும் தெரியாது. உப்பு மின்சாரத்தைக் கடத்தும். உள்ளுக்குள்ள அரிச்சு அரிச்சு ஒரு நாள் ஷார்ட் ஆகும். அது மணிக்கணக்குலயும் நடக்கலாம், நாள் கழிச்சும் நடக்கலாம். 2022-ல அமெரிக்காவுல புளோரிடா மாநிலத்தை இயான் புயல் அடிச்சப்போ கடல் தண்ணி ஊருக்குள்ள வந்துச்சு. தண்ணி வடிஞ்சு நாள் கணக்கா, வாரக் கணக்கா ஆன பிறகும் நனைஞ்ச மின்சாரக் கார்கள் தீப்பிடிச்சுது. நம்மளோடது சின்ன பேட்டரிதான். ஆனா கேஸ் சிலிண்டர் பக்கத்துல சின்னது பெருசுன்னு என்ன கணக்கு?

பேட்டரியைக் கழட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில வச்சு, கட்டடத்தை விட்டு தூரமா, மழை படாத வெட்டவெளியில வச்சோம். கொஞ்சம் உப்பி இருந்துச்சு. அதை சார்ஜ் போட்டுப் பாப்போம்னு ஒருத்தர் சொன்னார். கண்டிப்பா கூடாதுன்னுட்டோம். நனைஞ்ச பேட்டரிக்கு ரிப்பேர் கிடையாது. சாதாரணக் குப்பையிலயும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு எடுக்கற இடத்துலதான் கொடுக்கணும். தொழிற்சாலையில மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110-ன்னு தனிக் கணக்கே உண்டு. டிரம்முல இருந்த அரிசியையும் கொட்டிட்டோம். அன்னதான அரிசியைக் கொட்டினது பாவம்னு அக்கா அழுதாங்க. எங்களுக்கும் மனசு கேக்கல. ஆனா பேட்டரி கிடந்த அரிசியைப் பக்தருக்குப் போட முடியுமா?

அரிசி விஷயத்தை இங்கயே சொல்லிடறோம், ஏன்னா நிறைய வீட்டுல இந்த வழக்கம் இருக்கு. அரிசி உள்ள இருக்கிற தண்ணியை இழுக்காது. சும்மா மேசை மேல காத்தாட வச்சா காயுற அளவுகூட அதுக்குள்ள காயாது. அரிசி மாவுத் தூள் மோட்டாருக்குள்ள போறதுதான் மிச்சம். அதோட முக்கியமா, உப்பை அரிசி எடுக்கவே எடுக்காது. கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. தண்ணி காஞ்சாலும் உப்பு போர்டு மேலயே உக்காந்துக்கும். நம்ம ஊரு காத்துல எப்பவும் ஈரம். உப்பு அந்த ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பைத் தின்னுக்கிட்டே இருக்கும்.

எங்க குழுவுல ரெண்டு பேர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கோம். பெரிய படிப்பு இல்ல, எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா போர்டு கழுவுறது, சோதிக்கிறது எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அதனால ரிப்பேரை நாங்களே எடுத்துக்கிட்டோம். என்ன செஞ்சோம்னு வரிசையா சொல்றோம், வீட்டுல யாருக்காவது உதவும்.

ஒண்ணு, முழுசா பிரிச்சோம். ஒவ்வொரு ஸ்குரூவும் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிய, முட்டை அட்டையில குழிக்கு ஒண்ணா போட்டு எழுதி வச்சோம். மூடியைத் திறந்தா வெள்ளை வெள்ளையா உப்பு. ரெண்டு இடத்துல பச்சை படிஞ்சிருந்துச்சு. பச்சைன்னா செம்பு அரிக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். தம்பிங்க சுவிட்ச் போட்டுப் பாத்தாங்களே, அப்ப கரண்ட் ஓடின இடம்தான் அது. உப்புத் தண்ணியோட கரண்டும் சேர்ந்தா பல நாள் அரிப்பு சில நிமிஷத்துல நடந்துடும்.

ரெண்டு, கழுவினோம். "நனைஞ்சதை மறுபடி நனைக்கிறீங்களே"ன்னு தலைவர் பதறிட்டார். உப்பைக் கரைச்சு எடுக்கத் தண்ணிதான் வேணும், அதுவும் உப்பில்லாத தண்ணி. ஹார்ட்வேர் கடையில கார் பேட்டரிக்கு ஊத்த விக்கிறாங்களே சுத்தத் தண்ணி, ஆசிட் இல்ல, அதை வாங்கி ரெண்டு தடவை அலசினோம். கேமராவை மட்டும் தனியாக் கழட்டி வச்சோம், அதை முக்கக் கூடாது. அப்புறம் ஐ.பி.ஏ.ன்னு சொல்ற ஆல்கஹால், 99 விழுக்காடு, மெத்துன்னு இருக்கிற பல் பிரஷ்ல தொட்டுத் தேச்சோம். ஐ.பி.ஏ. இடுக்குல நிக்கிற தண்ணியைத் தள்ளிட்டு தானும் சீக்கிரம் காஞ்சிடும். ஆனா பெட்ரோல் மாதிரி பத்திக்கும். அதனால கோவில்ல இந்த வேலையைச் செய்யல. விளக்கு, கற்பூரம் எதுவும் இல்லாத இடமா, ஒருத்தர் வீட்டுக் கார் நிறுத்துற இடத்துல செஞ்சோம்.

மூணு, ரெண்டு நாள் காத்தாடிக்கு முன்னால வச்சு ஆற விட்டோம். முடி காய வைக்கிற சூடு மிசின் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும், ஒட்டுப்பசை இளகும்.

நாலு, மோட்டாரைக் கையால சுத்திப் பாத்தோம். நாலுல ரெண்டு கரகரன்னு சத்தம். கடற்கரை மணல்ல இரும்புத் துகள் கலந்திருக்கும், மோட்டார் காந்தம் அதைப் பிடிச்சு வச்சுக்கும். பேரிங் துருவும் பிடிச்சிருந்துச்சு. அந்த ரெண்டு மோட்டாரையும் மாத்தினோம். செலவை உபயதாரர்கிட்ட கேக்கல, எங்க குழுவே போட்டுக்கிட்டோம்.

அஞ்சு, புது பேட்டரியை நேரா மாட்டல. முதல்ல மல்டிமீட்டர் வச்சு பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கிச்சான்னு பாத்தோம். அப்புறம் கார் பல்பு ஒண்ணை நடுவுல சேர்த்து கரண்ட் கொடுத்தோம். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், போர்டு தப்பிச்சுக்கும். பல்பு லேசா மினுக்கிட்டு அடங்கிடுச்சு. அப்புறம்தான் பேட்டரி. அப்பவும் இறக்கையைக் கழட்டி வச்சுட்டுத்தான் மோட்டாரை ஓட்டிப் பாத்தோம். இறக்கை விரலைச் சீவிடும்.

எல்லாம் ஓடுச்சு. லைட் வந்துச்சு, கேமராவுல படம் வந்துச்சு. அந்தப் படத்தை நாங்களே சந்தோஷத்துல குழுவுல போட்டோம். "ரிப்பேர் பண்ணியாச்சே"ன்னு நீங்க கேக்கறதுக்குக் காரணம் அந்தப் படம்தான். அவசரப்பட்டுட்டோம்.

அதுக்கப்புறம் நடந்ததைக் குழுவுல சொல்லல. இப்ப சொல்றோம்.

கோவில் பின்னாடி இருக்கிற காலித் திடல்ல, ஆள் யாரும் இல்லாத காலை நேரத்துல பறக்க விட்டோம். முதல் தடவை ரெண்டு மீட்டர் உயரத்துல நிறுத்தினா அது பாட்டுக்கு அஞ்சு மீட்டர் ஏறுது. காத்தழுத்தத்தை வச்சு உயரம் கணக்குப் பண்ற ஒரு சின்ன சில்லு உள்ள இருக்கு, அதோட ஊசி ஓட்டை வாயில உப்பு. மறுபடி பிரிச்சுக் கழுவினோம். சரியாச்சு. அப்புறம் ஆறு தடவை பறக்க விட்டோம். ஆறு தடவையும் குறையே இல்ல. சொன்ன இடத்துல நின்னுச்சு, சொன்னபடி இறங்குச்சு. எங்களுக்கே நம்பிக்கை வந்துடுச்சு, "இந்த வருஷம் பறக்க விட்டுடலாம்"னு பேசிக்கிட்டோம்.

ஏழாவது தடவை, மூணு மீட்டர் உயரத்துல, ஒரு மோட்டார் திக்கிச்சு. ஒரு பக்கம் சாஞ்சு புல்லுல விழுந்துச்சு. பிரிச்சுப் பாத்தா மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புற போர்டுல, சில்லுக்கு அடியில, பிரஷ் போக முடியாத இடத்துல உப்பு தங்கி ஒரு காலைத் தின்னுருக்கு. வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது.

பக்தர்களே, எங்க பதில் அந்த ஏழாவது தடவையிலதான் இருக்கு. ஆறு தடவையோட நிறுத்தியிருந்தா, ஏழாவது தடவை உங்க தலைக்கு மேலதான் நடந்திருக்கும். பங்குனி உத்திரத்துல காவடி எடுக்கிறவங்க மேல பாக்க முடியாது. பால்குடம் தலையில வச்ச அம்மாங்க ஓட முடியாது. தள்ளுவண்டியில குழந்தைங்க. 30 மீட்டர் உயரத்துல இருந்து ஒரு பொருள் விழுந்தா, காத்துத் தடையைக் கணக்குல எடுக்கலன்னா, தரைக்கு வரும்போது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல வேகம். நம்ம டிரோன் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு கிலோ சக்கரைப் பாக்கெட்டு நெடுஞ்சாலை வேகத்துல வந்து தலையில விழுறதை நினைச்சுப் பாருங்க.

"ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேட்டீங்க. ஓடுறதும் நம்பக்கூடியதும் வேற வேற. தொழிற்சாலையில தண்ணி பட்ட போர்டு சோதனையில பாஸ் ஆனாலும் கஸ்டமருக்கு அனுப்ப மாட்டோம், தனியா சிவப்பு டேக் போட்டு வைப்போம். முகம் தெரியாத கஸ்டமருக்கே அந்த மரியாதைன்னா, நம்ம பக்தருக்கு என்ன மரியாதை?

"சாமி பாத்துக்கும்"னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நாங்களும் அந்த நம்பிக்கையிலதான் இத்தனை வருஷம் தொண்டு செய்றோம். ஆனா ரதம் மேட்டுல நின்னா சாமி பாத்துக்கும்னு சக்கரத்துக்குக் கட்டை போடாம விடுறோமா அண்ணே? நம்மால ஆகறதை நாம செஞ்சுடணும், மீதியை அவன்கிட்ட விடணும்.

"உபயம் வீணாப் போச்சே"ன்னு சொன்னவங்களுக்கு. உபயம் கொடுத்தவரை நேர்ல போய்ப் பாத்து நடந்ததைச் சொன்னோம். "யாருக்கும் அடிபடலைல்ல, அதுவே போதும்"னு சொல்லிட்டார்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். போன வருஷம் டிரோன் நல்லா இருந்தப்போ கூட்டத்து மேல பறக்க விட்டதே சரியில்ல. 2016 வான் போக்குவரத்து விதிமுறைப்படி, 1,000 பேருக்கு மேல கூடுற திறந்தவெளிக் கூட்டத்துக்கு 150 மீட்டருக்குள்ள, சி.ஏ.ஏ.எம். அனுமதி இல்லாம கேமரா டிரோனைப் பறக்க விடக் கூடாது. நம்ம விழாவுக்கு அதுக்கு மேலதான் கூட்டம் வருது. நாங்க அனுமதி கேக்கல. ஒண்ணும் ஆகலங்கிறதால அதைச் சரின்னு நினைச்சுட்டோம்.

இனி கடைசி விஷயம். டிரோனை விட இதுதான் எங்க மனசை அரிச்சுது.

அக்கா கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி தம்பி அம்மாவோட வந்தார். கையைக் கட்டிக்கிட்டு நின்னு எல்லாத்தையும் சொன்னார். "ஏன்பா உடனே சொல்லல?"ன்னு கேட்டோம். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார், "போன வருஷம் மைக் விழுந்தப்போ எல்லார் முன்னாடியும் ஏசினீங்களே அங்கிள்."

உண்மைதான். போன வருஷம் ஒரு மைக் கை தவறி விழுந்துச்சு. எங்கள்ல ஒருத்தர்தான் பக்தர்கள் முன்னாடியே கத்தினார். மைக் அன்னைக்கே சரியாயிடுச்சு. பையன் மனசுல அது ஆறல.

கணக்குப் போட்டுப் பாருங்க. விழுந்த உடனே சொல்லியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல பேட்டரியைக் கழட்டியிருப்போம், அன்னைக்கு ராத்திரியே கழுவியிருப்போம், போர்டு பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். அரிசியைக் கொட்டியிருக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் பக்கத்துல பேட்டரி நாலு நாள் கிடந்திருக்காது. உப்பு அந்த போர்டைத் தின்ன நாலு நாள் டைம் கொடுத்தது தம்பி இல்ல, எங்க ஏச்சுதான். "கீழ இறக்கு, கீழ இறக்கு"ன்னு சொன்னதும் நாங்கதான். அதனால அந்தப் பையனை இனிமே யாரும் "அரிசி டிரோன்"னு கிண்டல் பண்ணாதீங்க, குழுவுல போடாதீங்க. அவங்க அம்மாவும் அந்தக் குழுவுலதான் இருக்காங்க. படிக்கிறாங்க. நாங்க தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டோம்.

நிர்வாகத்துகிட்ட பேசி நாங்க முடிவு பண்ணது இதுதான்.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு டிரோன் கிடையாது. மண்டபத்து மாடியில ஒரு கேமரா, மூங்கில் கம்புல ஒரு கேமரா. லைவ் கண்டிப்பா வரும், வீட்டுல இருக்கிற பெரியவங்க கவலைப்பட வேண்டாம். அடுத்த வருஷம் வேணும்னா முன்கூட்டியே அனுமதி கேட்டு, தண்ணியே படாத நல்ல டிரோனா, கூட்டத்துக்கு வெளிய நின்னு எடுக்கப் பாப்போம்.

நனைஞ்ச டிரோனைத் தூக்கிப் போடல. அந்த போர்டை மாத்தி, காலித் திடல்ல இருபது தடவை பறந்து காட்டினா, அதுக்கு வேற தொண்டு இருக்கு. கோபுர இடுக்குல அரசஞ்செடி முளைக்குது, மேல சாரம் கட்டாம யாராலயும் பாக்க முடியல. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல, கீழ கயிறு கட்டி வழியை அடைச்சுட்டு, அதைப் படம் எடுக்கட்டும். கும்பாபிஷேக வேலைக்கு உதவும்.

ஸ்டோர்ல ஒரு நோட்டுப் புத்தகம் தொங்க விட்டிருக்கோம். எது விழுந்தாலும், உடைஞ்சாலும், நனைஞ்சாலும் உடனே எங்கள்ல யாருக்காவது போன் பண்ணிட்டு அதுல எழுதணும். எழுதுறவங்களை யாரும் ஏசக் கூடாது, தலைவர் உட்பட. அந்த நோட்டைப் பாத்துக்கிற பொறுப்பு தம்பியோடது. அவரே கேட்டு வாங்கிக்கிட்டார். முதல் பக்கத்துல டிரோன் விழுந்ததை அவர் கையாலயே எழுதியிருக்கார். அதுக்கு அடியில, "கீழ இறக்கச் சொன்னது நாங்க"ன்னு நாங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

இவ்வளவுதான். இதுக்கு மேலயும் மனசுல குறை இருந்தா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்துக்கு வாங்க, டீ குடிச்சுக்கிட்டே பேசலாம். கெட்டுப்போன போர்டையும் கொண்டு வந்து வைக்கிறோம், பூதக்கண்ணாடியும் இருக்கும், நீங்களே பாருங்க.

சொன்னதுல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. பால்குடம் எடுக்கிறவங்க பேர்ப்பதிவு ஞாயிற்றுக்கிழமையோட முடியுது, மறந்துடாதீங்க.

வேலும் மயிலும் துணை.

ஆலயத் தொண்டர் குழு